கரி மேஸ்திரியும் பெண்கள் மாத்திரையும்

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, ஒரு மாத காலம், தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, தையற்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய நாடாவால் என் மார்பை நானே அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பயில்வானாகும் ஆசையில் அளப்பவர்கள் உண்டு. அளவு ஏறினால் அவர்களுக்குச் சந்தோஷம். நான் ஏறிவிடுமோ என்று பயந்து அளந்தேன். மூச்சை இழுத்தால் ஓர் அளவும் விட்டால் வேறோர் அளவும் வந்ததில், பாதி நாள் பெண்ணாக மாறிக்கொண்டிருப்பதாகவும் மீதி நாள் ஆணாகவே தேறிவிட்டதாகவும் முடிவுக்கு வந்தேன். இதை இன்றுவரை என் மனைவியிடம் சொன்னதில்லை. நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை என்பதால் இங்கே எழுதுவதில் ஆபத்து ஒன்றுமில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. பாரிமுனையில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு மருந்துக் கம்பெனிக்கு நான் விற்பனைப் பிரதிநிதி. கல்லூரியில் படித்தது இலக்கியம். இலக்கியம் படித்தவனுக்கு மருந்துக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்பவர்கள், அவனுக்கு வேறு எங்கே வேலை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கேட்கலாம். வண்ணாரப்பேட்டையில் தொடங்கி எண்ணூர் வரை இருந்த டாக்டர்கள் எல்லாரும் என் ராஜ்யத்தில் அடக்கம். கழுத்தில் டை, கையில் தோல் பை, சட்டையின் முதுகில் வியர்வை வரைந்த தேசப்படம். இந்தக் கோலத்தில் ஒரு சித்திரை வெயிலில் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது தலை பிளந்தது. பைக்குள் கைவிட்டு, டாக்டர்களுக்கு மாதிரியாகக் கொடுக்கும் தலைவலி மாத்திரையில் ஒன்றை எடுத்துக் கோலி சோடாவோடு விழுங்கினேன். விழுங்கிய பிறகு புட்டியைப் பார்த்தேன். ஸ்டில்பெஸ்ட்ரால் என்று எழுதியிருந்தது.

அப்போது அது எங்கள் கம்பெனியின் பெருமை. பெண்ணின் உடம்பில் ஊறி அவளைப் பெண்ணாக வைத்திருக்கும் சுரப்புநீர் செய்கிற வேலையையெல்லாம் செய்யும். ஆனால் எந்த உடம்பிலிருந்தும் எடுத்ததல்ல. அதற்கு முன்பு சினைக் குதிரைகளின் மூத்திரத்தைப் பீப்பாய் பீப்பாயாகப் பிடித்து வடித்து இப்படி ஒரு மருந்து செய்துகொண்டிருந்தார்கள். அது ஜமீன்தார் வீட்டுப் பெண்களுக்குத்தான் கட்டுப்படியாகும். சீமையில் சில ரசாயனக்காரர்கள் குதிரையை அவிழ்த்து விட்டுவிட்டு, சோதனைக் குழாயிலேயே சமாளித்துவிட்டார்கள். ஊசி வேண்டாம், விழுங்கினால் போதும், விலையும் கொள்ளை மலிவு. மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பு தீயாய்க் காந்துகிறவர்களுக்கு, பிள்ளையைப் பறிகொடுத்துப் பால் கட்டிக்கொண்டு தவிக்கிறவர்களுக்கு, கரு தங்காதவர்களுக்கு என்று டாக்டர்களிடம் நான் ஒப்பிப்பேன். ஆண் விழுங்கினால் என்ன ஆகும் என்பது என் பாடத்தில் இல்லை. தொடர்ந்து சாப்பிட்டால் மார்பு பருக்கும் என்று மட்டும் எங்கோ படித்திருந்தேன். 'தொடர்ந்து' என்ற சொல்லை என் பயம் படிக்காமல் தாண்டிவிட்டது.

நான் குடியிருந்தது ராயபுரத்தில், ஒரு மேஸ்திரியின் வீட்டு மாடியறையில். துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் ஆட்களுக்கு அவர் தலைவர். கப்பலின் பளுதூக்கி போடுகிற கூச்சலுக்கு மேலே கேட்கிற குரல். இரண்டு ஆள் ஒளிந்துகொள்ளலாம் போன்ற மார்பு. அந்த மார்பில் இடப்பக்கம் பச்சை குத்திய ஒரு நங்கூரம். மழை, வெயில், மார்கழிப் பனி எதற்கும் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று ஒன்று போட்டாராம். தாலி கட்டிய கையோடு கழற்றிவிட்டாராம்.

ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவர், சரியாகச் சாத்தாத என் கதவைத் தள்ளினார். நாடாவும் நானுமாக நின்றேன்.

"இன்னா நைனா, போலீஸுக்கு ஆள் எடுக்கிறானா?"

உண்மையைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். கதையில் நான்தான் அசடு என்பது தெளிவாகத் தெரிந்ததால், மாத்திரையையாவது பெரிதாக்கி என் பயத்துக்கு மரியாதை தேட நினைத்தேன். ஆண்பிள்ளை அதைச் சாப்பிட்டால் மீசை கொட்டிவிடும், குரல் கீச்சென்று ஆகிவிடும், நடையே மாறிவிடும் என்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாததையெல்லாம் எடுத்துவிட்டேன். மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாமே, சோறு துன்னியா?" என்று பெண்களைக் கூப்பிடுகிற மாதிரிதான் விசாரிப்பார். நானும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். என் உடம்பில் ஒரு மாறுதலும் ஏற்படவில்லை. வீட்டு வாடகைதாரன் என்ற அந்தஸ்தில் மட்டும் ஏற்பட்டது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு இடுப்பில் வலி கண்டது. கரி மூட்டை தூக்கிய பழைய சுளுக்கு என்றார். எண்ணெய் தேய்த்தார்கள், செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். பிறகு சிறுநீர் போகாமல் தவித்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பியில் புற்று, முதுகெலும்புவரைக்கும் போயாயிற்று என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ராயபுரத்தில் அவருக்கு வழக்கமான டாக்டர் எனக்கும் வாடிக்கைக்காரர். அவரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் சுற்றி வளைக்காதவர். ஆண்மைச் சுரப்பு இருக்கிறவரைக்கும் அந்தப் புற்று அதைத் தின்று வளரும். விதையை எடுத்துவிட்டால் தீனியில்லாமல் சுருங்கும். வலியும் விடும் என்றார்.

மேஸ்திரி வேட்டியை இறுக்கிக்கொண்டார். "வந்த மேரியே போறேன் சார். எதையும் இங்க வுட்டுட்டுப் போறதா இல்ல."

"அப்படியானால் வெட்டாமல் ஒரு வழி இருக்கிறது" என்று டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் கொடுத்த மாதிரிப் புட்டி. அதன்மேல் ஒட்டிய படத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். பெண் சுரப்பை உள்ளே அனுப்பினால் ஆண் சுரப்பு அடங்கிவிடும், அதனால் இதே மாத்திரை இந்த நோய்க்கும் கேட்கிறது என்றார் டாக்டர். எனக்கே அது புதுச் செய்தி. விற்கிறவனுக்குத் தெரியாத உபயோகம்.

மேஸ்திரி புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தயா? இது நம்ம நைனா துன்ன மாத்திர இல்ல? மீச கொட்டிப்பூடுமே. வாணாம் சார். வலியோடவே கீறேன்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"அவரிடம் என்னய்யா சொல்லித் தொலைத்தீர்?" என்றார் டாக்டர் என்னிடம். இலக்கியம் படித்தவன் சொல்வதைத்தான் சொல்லியிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரியின் பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் கேட்ட சத்தத்தை இப்போதும் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. கப்பலை அதட்டிய மனிதர் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தார். பாயில் புரளக்கூட முடியவில்லை. யாராவது நடந்தால் தரை அதிர்ந்து வலிக்கிறது என்பதால் வீட்டம்மா விரல் நுனியில் நடந்தார்; மாடியில் நானும் அப்படியே நடந்தேன். ஒருநாள் வீட்டம்மா படியேறி வந்து என் கதவருகே நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நீதான நைனா அத்தச் சொன்ன? நீயே போயி வேற மாரி சொல்லு. மீச போனா போவுது. அந்த மீசய வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

கீழே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீசை கொட்டாது, குரல் மாறாது, நடை மாறாது. நான் சொன்னதெல்லாம் சும்மா அளந்தது. மார்பு மட்டும் கொஞ்சம் பருக்கலாம் என்றேன். 'அளந்தது' என்றதும் அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் நம்பவில்லை. "அன்னிக்கி ஒண்ணு சொன்ன, இன்னிக்கி ஒண்ணு சொல்ற. பொம்பள ஒடம்புலேர்ந்து எடுத்தத ஆம்பள துன்னா ஆவுமா?"

"எந்தப் பொம்பளை உடம்பிலிருந்தும் எடுக்கவில்லை மேஸ்திரி. குதிரையிலிருந்துகூட இல்லை. ரசாயனம்."

"அப்ப எதுலேர்ந்து எடுத்தான்?"

இதற்கு எனக்குச் சரியான விடை தெரியாது. சீமை ரசாயனச் சாமான்கள் பலவற்றுக்கும் பூர்வீகம் நிலக்கரித் தார்தான் என்று ஆபீஸில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. "கரியிலிருந்து" என்றேன்.

"கரின்னா?"

"நிலக்கரி. நீங்கள் இறக்குகிறீர்களே, அது. அதைக் காய்ச்சித் தார் எடுத்து, தாரிலிருந்து பிரித்துப் பிரித்து..."

அவர் கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தார். எத்தனை சோப்பு போட்டாலும் போகாமல் ரேகைகளுக்குள் கரி தங்கிவிட்ட கை. பிறகு, "மூக்கால எவ்ளோ துன்னுகீறேன். வாயால துன்னா இன்னா ஆயிடப் போவுது? குடு" என்றார். பெண் என்றால் நாக்கு நீட்டாதவர், கரி என்றதும் நீட்டினார். அவருக்கு உறவுக்காரன் அது. வெண்மையாக ஒரு மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, "வெளுத்துப்பூட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விழுங்கினார்.

சில வாரத்தில் மேஸ்திரி புரண்டு படுத்தார். பிறகு உட்கார்ந்தார். தை பிறந்தபோது தெருவில் நடந்தார். புற்று தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம், அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று டாக்டர் எச்சரித்தார். வலியில்லாமல் நடக்கிறவரிடம் இந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது? அவர் துறைமுகத்துக்குத் திரும்பிப் போனார். மூட்டை தூக்கவேண்டியதில்லை, கப்பலோரம் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து சத்தம் போட்டால் போதும்.

மார்பு பருக்கத் தொடங்கியது அப்போதுதான். கொஞ்சம் என்று நான் சொல்லியிருந்தேன். மறுபடியும் அளவு தப்பிவிட்டது. தொட்டால் வலித்ததாம். வண்ணாரப்பேட்டைக்குப் போய் வெள்ளைச் சட்டைகள் வாங்கிவந்தார். அன்றுமுதல் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சட்டை போட்டால் போகட்டும். கரி ஆட்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் துறைமுக வாசலுக்கு வெளியே இருந்த குழாயடியில் எல்லாரும் கோவணத்தோடு நின்று குளிப்பார்கள். தன் முதுகுக் கரியைத் தானே தேய்க்க முடியாது. ஒருத்தன் முதுகை இன்னொருத்தன் தேங்காய் நாரால் தேய்ப்பான். மேஸ்திரிதான் முதலில் குளிப்பார். தினம் ஒருத்தனைக் கூப்பிட்டு முதுகைக் காட்டுவார். யாருக்குக் காட்டுகிறாரோ அவன்மேல் அவருக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை என்று அர்த்தம். காலையில் வாய்க்கு வந்தபடி திட்டியவனைச் சாயங்காலம் முதுகு தேய்க்கக் கூப்பிட்டால் சண்டை தீர்ந்தது. அதற்கு மேல் பஞ்சாயத்து கிடையாது.

இப்போது மேஸ்திரி குழாயடிக்கே வருவதில்லை. கரியும் சட்டையுமாக நேரே வீட்டுக்குப் போகிறார். ஆட்கள் நடுங்கிப்போனார்கள். முதுகு காட்டவில்லையென்றால் கோபம்; யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தெரியாததால் ஒவ்வொருவனும் தன்மேல்தான் என்று எடுத்துக்கொண்டான். ஒருத்தர்பின் ஒருத்தராக வீட்டுக்கு வந்து, கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒருவன் கூடை கூடையாகக் கரியைத் தன் வீட்டு அடுப்புக்குக் கடத்தியதைச் சொல்லி அழுதான். இன்னொருவன் காய்ச்சல் என்று லீவு போட்டு மச்சினி கல்யாணத்துக்குப் போனதைச் சொன்னான். வீட்டம்மாவின் தம்பியும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள், வாய்க்குப் பூட்டில்லாதவன். அவன் வந்து, "மாமா, போன வருசம் காணாப் போச்சே உன் சேவலு, அத்த நான்தான் அட்ச்சி கொழம்பு வெச்சேன். உனுக்கும் ஒரு கிண்ணி குடுத்தேன், நல்லாகீதுன்னு துன்ன. மன்ச்சிக்க" என்றான். மேஸ்திரிக்கு இவையெல்லாம் அன்றுவரை தெரியாது. தம் ஆட்களின் யோக்கியதையை அவர் முழுசாக அறிந்துகொண்டதுதான் மிச்சம். மன்னித்தேன் என்றார். ஆனால் முதுகு காட்டவில்லை. வெறும் வாய்ச் சொல்லை அவர்கள் நம்புவதாக இல்லை. நம்மை அவர் கழித்துவிட்டார், வேறு மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

அவர் மாடிக்கு ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "நைனா, மாத்திரய நிறுத்திட்டா இது அமுங்கிடுமா?"

டாக்டரைக் கேட்டு வந்து சொன்னேன். நிறுத்தினாலும் முழுசாக அமுங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வலி திரும்பும் என்பதற்கு உண்டு. அவர் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்த ஆட்கள்தான் எல்லாம். அவர்களுக்குக் காரணத்தைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். மாத்திரையை விட்டால் துண்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பாயில் விழவேண்டும். நான் படித்த இலக்கியத்தில் ராஜாக்களுக்கெல்லாம் இதைவிடச் சுலபமான தர்மசங்கடங்கள்தான் வந்திருக்கின்றன.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், புது மாத்திரைப் புட்டியை அவரிடம் கொடுக்கலாம் என்று துறைமுக வாசலுக்குப் போயிருந்தேன். ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வெளியே வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே குழாயடிக்கு வந்து, கரியேறிய சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, பக்கத்துச் சுவர்மேல் போட்டார்.

முதுகு தேய்த்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. முகமும் கையும் கறுப்பு. சட்டைக்குள் இருந்த இடம் மட்டும் மாநிறமாக, தெளிவாக, கண்ணை உறுத்திக்கொண்டு. நான் டையைச் சரிசெய்வதுபோலக் கீழே பார்த்துக்கொண்டேன். வீட்டம்மாவின் தம்பி, அந்த மச்சான்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இன்னா மாமா, நங்கூரம் மேல ஏறிக்கீது. கப்பலு எங்க பொறப்படுது?"

ஒருவன் களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டான். எல்லாரும் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நிதானமாகக் குனிந்து தேங்காய் நாரை எடுத்து அவன்மேல் விட்டெறிந்தார்.

"பொறப்பட நாளு கீதுடா. அதுக்குத்தான் மாத்திர துன்றேன், அதுல வந்தது இது. கம்முனு முதுகத் தேயி. சேவலத் துன்ன கைதான, பலமாத் தேயி."

அப்போது எழுந்த சிரிப்பு துறைமுக மதிலுக்கு உள்ளேயும் கேட்டிருக்கும். மச்சான் தேய்த்தான். பின்னாலேயே இன்னொருவன் வந்து நாரைப் பிடுங்கித் தேய்த்தான். பிறகு மற்றவனும். சட்டைக்குள் இருந்த அந்த முதுகில் அன்று தேய்ப்பதற்குக் கரியே இல்லை; அப்படியும் வரிசை நிற்கவில்லை. முன்பக்கம் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அங்கே வலிக்கும் என்று அவர் சொல்லாமலே தெரிந்திருந்தது. எனக்குக் கண் கரித்தது. கரித்தூள் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் மேஸ்திரி சில வருஷங்கள் இருந்தார். முதுகு வலியில் சாகவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இருதயம் நின்று போனார். அதற்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். கொடுக்காமல் இருந்திருந்தால் எப்போதோ போயிருப்பார் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல டாக்டர்களால்தான் முடியும்.

இப்போது நான் மருந்து விற்பதில்லை. வேடிக்கையாக எழுதிப் பிழைக்கிறேன். ஸ்டில்பெஸ்ட்ராலைப் பற்றி இந்தக் காலத்தில் வருகிற செய்திகள் வேடிக்கையாக இல்லை. கரு தங்கட்டும் என்று அதைக் கொடுத்தார்களே, அந்தத் தாய்மார்களின் பெண்கள் வளர்ந்த பிறகு அவர்களில் சிலருக்கு அது தீங்கு செய்திருக்கிறது என்கிறார்கள். கரு தங்குவதற்கும் அது உதவவில்லையாம். அதையும் நான் டாக்டர் டாக்டராகப் போய் ஒப்பித்திருக்கிறேன். எந்த வீட்டில் எந்தப் பெண் என்று எனக்குத் தெரியாது. தெரியாதது சௌகரியம்தானே என்று நினைத்துக்கொள்கிற நாட்களில் என்னை எனக்குப் பிடிப்பதில்லை. அதே மாத்திரைதான் ஒரு மனிதரை எழுப்பி உட்கார வைத்ததும். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. விற்கிறவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மேஸ்திரியின் காரியம் முடிந்த அன்று, பந்தலில் கூட்டம் குறைந்த பிறகு, வீட்டம்மாவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழாயடியில் நான் கண்டதை முழுக்க விவரித்தேன். அத்தனை பேர் எதிரில் சட்டையைக் கழற்றி நின்றாரே, அப்படி ஒரு தைரியத்தை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்றுகூட நினைக்கிறேன்.

வீட்டம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தெகிரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல நைனா. வெள்ளச் சொக்காயா வாங்கி வாங்கிக் கரியாக்கினு வந்தாரு. தோச்சித் தோச்சி என் கை பூட்ச்சி. நாளைக்கி ஒரு சொக்கா கரியோட வந்துதுன்னா, உன்னையும் சேத்து கல்லுல வெச்சி அட்ச்சித் தோச்சிடுவேன்னேன். மறுநா கழட்டிட்டாரு."